மஞ்சள் பட்ட மேஸ்

எங்கட கிளப் இறங்கேல்ல பிள்ள, தப்பீட்டாங்கள். விடிய றெபேக்கா, நான் உடுப்புத் தோய்ச்சுக் குடுத்த பிள்ளை, போன் எடுத்துச் சொன்னவள். கடைசி மச்சில ஒரே ஒரு கோல், அதுவும் ஆரின்ரையோ முழங்காலில பட்டு உள்ளுக்கு உருண்டு போனதாம். முழங்காலில பட்டா என்ன, மூக்கில பட்டா என்ன, வலைக்குள்ள போனாச் சரிதானே. நான் எழும்பி மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு, பேந்துதான் முகமே கழுவினனான். ஒரு கிழமையா எனக்குச் சோறு இறங்கேல்ல. நீ பாத்தனிதானே, நீ தந்த குழம்பைக்கூட அப்பிடியே திருப்பித் தந்தனான். குழம்பில பிழை இல்லை சுகந்தி, புளி கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இரு, அந்தக் கதிரையை இஞ்சால இழுத்துப் போட்டு இரு. பிளேன்ரீ ஊத்துறன். நீ திங்கக்கிழமை பந்தடிக் காம்பில வேலைக்குப் போறாய் எண்டு உன்ர மாமி சொன்னவ. உடுப்புத் தோய்க்கிறதில கேட்டுப் பழக என்ன இருக்கு எண்டு உன்ர மனுசன் சிரிச்சவராம். சிரிக்கட்டும். ஒன்பது வரியம் நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில நிண்டனான். ஒருக்கா ஒரு பிள்ளையின்ர வாழ்க்கையையே நாசமாக்கப் பாத்தனான், அதுவும் நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு. அதைச் சொல்லாம உன்னை அங்க விடேலாது.

உனக்கு அந்தக் கிளப்பைப் பற்றி ஒண்டும் தெரியாது என்ன? ஸ்பெயினில கடற்கரையில ஒரு பட்டினம். எங்கட பேசாலை மாதிரித்தான், மீன்பிடி, ஐஸ் பெட்டி, நாத்தம், ஆனா பெரிசு. அந்தப் பட்டினத்துக் கிளப். ஒரேஞ்சுக் கலர் ஜேர்சி, நெஞ்சில ஒரு நங்கூரம். பேர் போன கிளப் இல்லை. பேர் போன கிளப்புகள் ஆக்களை விலைக்கு வாங்கும். இவங்களுக்கு அது கட்டாது, அதால வெளிநாடுகளில சின்னப் பிள்ளையளாத் தேடிப் பிடிச்சுப் பழக்கி எடுக்கிறவங்கள். அந்த நாட்டுச் சுவாமியார் ஒருத்தர் இஞ்ச வந்த நேரம், எங்கட பெடியள் வெறுங்காலோட மணலில பந்தடிக்கிறதைப் பாத்துட்டு அங்க போய்ச் சொன்னவராம். எங்கட தீவில பந்தடி இல்லாத கோயில் எது? திருநாள் வருதோ இல்லையோ, கோயில் கப்புக்கு மச் வரும். அப்பிடித்தான் காம்ப் வந்தது. பெடியளும் பெட்டையளுமா ஒரு முப்பது பேர், பள்ளிக்கூடம் போய் வந்து அங்கயே தங்கிப் பழகுற பிள்ளையள்.

பள்ளிக்கூடத்தில வகுப்பேத்திறது இருக்கெல்லே, அங்க கிளப்புகளுக்கும் அப்பிடித்தான். வரியக் கடைசியில அடியில கிடக்கிற கிளப்பைக் கீழ் வகுப்புக்கு இறக்கிப் போடுவாங்கள். இறங்கினாக் கைக்காசு குறையும். குறைஞ்சா முதல் வெட்டுறது எங்களை மாதிரித் தூரத்தில கிடக்கிறதுகளைத்தான். அதால அவங்கள் அங்க தோத்தா இஞ்ச எங்கட வேலைக்குத்தான் கேடு. சாப்பாட்டு மண்டபத்துத் ரீவியில ஆக்களை எல்லாம் பாத்துப் பாத்து எனக்குப் பாடம். வலை காக்கிற கோலி நல்லவன், வயசுபோனவன், பாவம். பின்னுக்கு நிக்கிற ரெண்டு பேரும் மதில் மாதிரி, ஆனா மதில் மாதிரியே அசையாங்கள். முன்னுக்கு ஒரு உயர்ந்தவன், ஒன்பதாம் நம்பர். தலைமயிரை அடிக்கடி தடவுவான். அவன்ர ஜேர்சியை நான் தோய்ச்சிருந்தா, உப்பே வந்திராது எண்டு அடிச்சுச் சொல்லுவன்.

உப்பெண்டா என்னவெண்டு கேக்கிறியோ. அதுதான் பிள்ள எங்கட வேலை.

எனக்கு எழுத்துத் தெரியாது எண்டு உனக்குத் தெரியும். நம்பர் பத்து வரைக்கும் தெரியும், சீட்டுக் கடதாசி விளையாடிப் பழகினது. பதினொண்டு ஜேக், பன்னிரண்டு ராணி, பதின்மூண்டு ராசா. அதுக்கு மேல நம்பர் போட்ட பிள்ளையளை ஊத்தையாலதான் பிடிக்கிறது. முதல் மாசம் சரியான கரைச்சல். ஜேர்சியிலயாவது நம்பர் இருக்கு. காலுக்குப் போடுற மேஸில ஒண்டுமில்லை, முப்பது சோடியும் ஒரே கறுப்பு. பேர் எழுதி ஒட்டினதெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. திரும்பத் திரும்பப் பாத்தா, ஒவ்வொரு மேஸும் ஒவ்வொரு மாதிரித் தேயுது. இடது காலால அடிக்கிற பிள்ளைக்கு இடது பெருவிரல் பக்கம் பஞ்சு எழும்பும். சறுக்கி விழுந்து பந்து பறிக்கிறவனுக்குக் கெண்டைக்கால் பக்கம் நூல் போகும். கோலிக்கு ஒண்டும் தேயாது, முட்டியில மட்டும் செம்மண். ரெண்டாம் மாசம் நான் பேர் பாக்காமலே ஒவ்வொரு கட்டிலிலயும் சரியான மேஸை வைக்கத் தொடங்கீட்டன்.

அதைக் கண்டுபிடிச்சவர் ரமோன் சேர். காம்புக்குப் பெரிய கோச், ஸ்பெயின்காரர். நீ திங்கக்கிழமை காணுவாய். மெலிஞ்ச நெடுவல், நெத்தி பெரிசு. கத்தமாட்டார். ஒன்பது வரியத்தில ஒருக்காக்கூடக் கத்திக் கேக்கேல்ல. விடிய ஆறரைக்குத் தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டு தோய்க்கிற கொட்டிலுக்கு வருவார். வாசலில செருப்பைத் தட்டிப்போட்டு, கோயிலுக்குள்ள வாற மாதிரிக் குனிஞ்சு வந்து, "காலை வணக்கம்" எண்டுவார். எங்கட ஆக்களில ஆர் காலை வணக்கம் சொல்லுறது, றேடியோவைத் தவிர. நானும் வணக்கம் எண்டுவன். அவருக்கு வேற ஒரு தமிழ்ச் சொல்லுத்தான் தெரியும், "பாப்பம்." பிள்ளையள் என்ன கேட்டாலும் பாப்பம். லீவு வேணும் சேர், பாப்பம். புதுச் சப்பாத்து வேணும் சேர், பாப்பம். பாப்பம் எண்டாச் சில நேரம் ஓம், சில நேரம் இல்லை. அது என்னத்தைக் கொண்டு முடியும் எண்டு அவருக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

மற்றதுகளை மொழிபெயர்க்க நௌபர் தம்பி இருக்கு. தாராபுரத்துப் பிள்ளை, சின்னக் கோச். இங்கிலீசும் தெரியும், கொஞ்சம் அவற்ற பாசையும் தெரியும். நல்ல பிள்ளை, ஆனா வாய். என்னைக் காணுற நேரமெல்லாம் "என்ன அன்ரி, இண்டைக்கு ஆற்ற ஊத்தை சாட்சி சொல்லுது" எண்டு கேக்கும்.

உண்மைதான், சாட்சிதான். அதைச் சொல்லித்தாறன் கேள். ஓடின பிள்ளையின்ர ஜேர்சியை நிழலில ஒரு மணித்தியாலம் விரிச்சு விட்டா, முதுகில வெள்ளைக் கோடு விழும். கடல் வத்தின கரையில விழுமே, அப்பிடி அலை அலையாக் கோடு. அது வேர்வை உப்பு. ஓடாத பிள்ளைக்குக் கோடு இல்லை. ரமோன் சேர் அதைக் கவனிச்சுப்போட்டு ஒவ்வொரு நாளும் கொடியைப் பாத்து விரலால காட்டுவார், இது ஆர், அது ஆர். நான் சொல்லுவன். பெடியளுக்கு இது தெரிஞ்சுபோச்சு. ஒருநாள் ராசா, அதுதான் பதின்மூண்டாம் நம்பர், பிறக்டிஸுக்கு ஒளிச்சுப்போட்டு ஜேர்சியைப் பைப்புத் தண்ணியில நனைச்சுப் போட்டுவிட்டான். எங்கட பைப்பில வாறதும் உவர்த்தண்ணிதானே, காய வெள்ளையாத்தான் வந்தது. நான் பாத்துட்டுச் சிரிச்சிட்டன். பைப்பு உப்பு துணி முழுக்க மா பூசின மாதிரி வரும் பிள்ள. வேர்வை உப்பு கோடு போடும். அதை வைச்சு அவனைப் பிடிச்சதில இருந்து என்னை அவங்கள் சீஐடி அன்ரி எண்டுதான் கூப்பிட்டவங்கள்.

தோய்க்கிற முறையையும் கேட்டு வை. இப்ப மெசின் ரெண்டு வந்திருக்காம், பட்டனை அமத்தினாச் சரியாம். இருக்கட்டும். உவர்த்தண்ணியில ஊறப் போடாத, சவர்க்காரம் நுரைக்காது, துணி விறைச்சுப் போகும். பவுசர் லொறியில வாற நல்ல தண்ணியில ஊறப் போடு. நம்பர் உள்ளுக்கு வரத் திருப்பிப் போடு. வெயிலில போடாத, எங்கட வெயிலுக்கு நம்பர் அப்பளம் மாதிரி வெடிக்கும். நிழலில கொடி கட்டு, ஆனா உயரக் கட்டு. கழுதையள் வரும். ஏழாம் நம்பரை ஒருக்கா ஒரு கழுதை சப்பித் திண்டுபோட்டு, நங்கூரம் மட்டும் வாயில தொங்கத் தொங்கப் பஸ் ஸ்ராண்ட் மட்டும் போனது. ஊர் முழுக்கப் பாத்தது. கிளப்புக்கு அதைவிட விளம்பரம் இல்லை எண்டு நௌபர் சொன்னது.

எங்க விட்டனான்? றெபேக்கா.

றெபேக்கா தோட்டவெளிப் பெட்டை. தாய் கருவாடு காயப்போடுற வாடியில வேலை. தகப்பன் இல்லை. காம்புக்கு வரேக்க பதின்மூண்டு வயசு, ஒரு பிடி எலும்பு. பன்னிரண்டாம் நம்பர் ஜேர்சி குடுத்தாங்கள், நான் ராணி எண்டு கூப்பிடத் தொடங்கினனான். இடதுபக்கத்தால ஓடுவாள். ஓடுவாள் எண்டா, மற்றப் பிள்ளையள் தூணில கட்டின மாதிரி நிக்குங்கள். அவளின்ர ஜேர்சியில உப்புக் கோடு மூண்டு நாலு வரிசை விழும். மச் முடிஞ்சும் ஓடுவாள், சாப்பாட்டு மணிக்கும் ஓடுவாள். ரமோன் சேர் கொடியில அவளின்ர ஜேர்சியைப் பாத்தா ஒண்டும் கேக்கமாட்டார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடிச்சுப்போட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒவ்வொரு வரியமும் மடு ஆவணித் திருநாள் முடிஞ்ச கிழமை ஸ்பெயினில இருந்து ரெண்டு பேர் வந்து ஒரு மச் பாப்பினம். அதில மூண்டு பிள்ளையளைத் தெரிஞ்சு அங்க கூட்டிக்கொண்டு போவினம். கிளப்பின்ர சின்ன ரீமில வைச்சுப் பழக்கி, படிப்பும் குடுத்து, நல்லா வந்தா அங்கயே விளையாடலாம். அவளுக்குப் பதினைஞ்சு வயசான அந்த வரியம் கிளப் மயிரிழையில தப்பினது. அதால இந்த முறை ஒரு பிள்ளைதான் எண்டு சொல்லிப்போட்டாங்கள். முப்பது பேருக்கு ஒரு இடம்.

ரமோன் சேரிட்ட ஒரு சட்டம் இருந்தது. நோவை ஒளிச்சா வெளிய. தோத்தாப் பரவாயில்லை, கோல் விட்டாப் பரவாயில்லை. கால் சுளுக்கினதை மறைச்சு விளையாடின ஒரு நல்ல பெடியனை அடுத்த நாளே தாய் தகப்பனைக் கூப்பிட்டு அனுப்பினவர். கோபமில்லை, அந்தப் பெடியனின்ர பெட்டியைத் தானே தூக்கி ஓட்டோவில வைச்சவர். ஆனா அனுப்பினவர்.

மச்சுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி றெபேக்கா கொட்டிலுக்கு வந்து வாளியில இருந்துகொண்டு அழுறாள். பயமாம். ஒரு இடம்தானாம். நான் என்ன செய்தனான் தெரியுமே? எங்கட ஆக்கள் செய்யிறதைத்தான் செய்தனான்.

"ஏன் அழுறாய்? மடு மாதாவுக்கு நேத்தி வை. நடந்து வாறன் தாயே எண்டு சொல்லு, பேந்து பார்" எண்டனான்.

கிடைச்ச பிறகு நடக்கிறதுதானே நேத்தி. ஆரும் அதை விளங்கப்படுத்திச் சொல்லுறதில்லை. நானும் சொல்லேல்ல.

ஆவணித் திருநாளுக்கு மூண்டு நாள் லீவு குடுத்தவங்கள். பிள்ளையள் வீட்டுக்குப் போய் ஞாயிறு பின்னேரம் வந்ததுகள். திங்கக்கிழமை கூடையைக் கொட்டினா, றெபேக்காவின்ர மேஸ் ஈரமாக் கிடக்கு. வடிவாத் தோய்ச்சுப் பிழிஞ்சு, வாசனைச் சவர்க்கார மணத்தோட. எனக்குச் சிரிப்பு வந்தது. தன்ர சாப்பாட்டுக் கோப்பையையே கழுவாத பெட்டை அவள். பேந்து சிரிப்பு நிண்டுபோச்சு. ஒரு பிள்ளை தன்ர ஊத்தையை எனக்குக் காட்டாம விடுறாள் எண்டா, அதில ஏதோ இருக்கு.

செவ்வாய்க்கிழமையும் அப்பிடித்தான். நான் விடேல்ல. உள்பக்கம் வெளிய வரத் திருப்பி, சவர்க்காரம் போட்டு உரஞ்சினனான். அடிப்பக்கம் வெள்ளைத் தையல் இருக்கெல்லே, அது சிவந்துகொண்டு வந்தது. முதல்ல இரத்தமெண்டுதான் எண்ணினனான். இரத்தமெண்டா பச்சைத் தண்ணிக்குப் போகும். இது போகேல்ல. கொடியில போட்டன். காயக் காய மஞ்சளா மாறிட்டுது. மஞ்சள்தான் பிள்ள. மஞ்சளில சவர்க்காரம் பட்டாச் சிவக்கும், காய்ஞ்சாத் திரும்பி மஞ்சளாகும். உள்ளங்காலுக்கு ஆர் மஞ்சள் பூசுறது? புண்ணுக்குத்தான்.

பின்னேரம் அவளைக் கொட்டிலுக்குப் பின்னால கூப்பிட்டன். "காலைக் காட்டு" எண்டன். மாட்டன் எண்டாள். "காட்டடி" எண்டன். இருந்து, மேஸைக் கழட்டிக் காட்டினாள். ரெண்டு உள்ளங்காலும் தோல் இல்லை பிள்ள. கொப்பளம் கட்டி உடைஞ்சு, ஓரத்தில தார் ஒட்டி, அதுக்கு மேல மஞ்சள்.

"எங்கயடி போனனி?"

"மடுவுக்கு. நடந்து."

"வெறுங்காலோடயே?"

"பின்ன? செருப்போட நடந்தா நேத்தியோ அன்ரி?"

தோட்டவெளியில இருந்து மடு முப்பது கட்டைக்கு மேல எண்டு உனக்குத் தெரியும். ஆவணி வெயில். தார் உருகிக் கிடக்கிற றோட்டு. சித்தியோட யாத்திரைக் கூட்டத்தோட ரெண்டு நாள் நடந்திருக்கிறாள், வரேக்க லொறியில வந்தவளாம். தாய்க்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

"கிடைச்ச பிறகெல்லோடி நடக்கிறது" எண்டு கேட்டன். அதுக்கு அவள் சொல்லுறாள், "எல்லாரும் பிறகு நடக்கிறன் எண்டுதான் கேப்பினம் அன்ரி. நான் முன்னுக்கே நடந்திட்டா, மாதாவால மாட்டன் எண்டு சொல்லேலாதெல்லே."

எனக்குச் சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்ல. மாதாவை மடக்கப் பாத்திருக்கிறாள்.

பேந்து என்ர கையைப் பிடிச்சாள். "அன்ரி, வியாழக்கிழமை ஒரு மச் மட்டும். தொண்ணூறு நிமிசம். பேந்து ஆஸ்பத்திரிக்குப் போறன். ரமோன் சேரிட்டச் சொன்னா நான் வெளிய. நீங்கள்தானே நடக்கச் சொன்னனீங்கள். சொல்லாதைங்கோ."

அதுதான் பிள்ள. நான்தானே சொன்னனான்.

புதன்கிழமை விடிய ஆறரைக்கு ரமோன் சேர் வந்தார். காலை வணக்கம். கோப்பை. கொடியைப் பாத்தார். கறுப்பு மேஸ் வரிசையாத் தொங்குது. பன்னிரண்டாம் நம்பர் ஜேர்சியில உப்பு ஒரு கோடுதான், அதுவும் மெல்லிசா. அவர் அதைக் கண்டிட்டார். விரலைக் காட்டி, "றெபேக்கா?" எண்டார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு ரெண்டு சொல்லு. அதில ஒண்டைச் சொன்னன். "குட்."

அவர் என்னைப் பாத்தார். "பாப்பம்" எண்டுபோட்டுப் போயிட்டார்.

அண்டைக்கு நான் பிழிஞ்ச பிழியலில மூண்டு ஜேர்சியின்ர நம்பர் வெடிச்சுப்போச்சு. ஒன்பது வரியத்தில அவருக்குச் சொன்ன ஒரே பொய் அது. செபமாலையை எடுத்தா, எந்த மணியில நிக்கிறன் எண்டே தெரியேல்ல. சொன்னாப் பிள்ளையின்ர இடம் போகும். சொல்லாட்டிக் கால் போகும். ரெண்டும் என்ர வாயால வந்தது. பள்ளிக்கூட லீவு, விடியவே பிறக்டிஸ். பத்து மணிக்குக் கிறவுண்ட் பக்கம் எட்டிப் பாத்தன். காயப் போட்ட கருவாட்டை மிதிக்காம நடக்கிற மாதிரி, பாதத்தின்ர ஓரத்தால நடக்கிறாள். பந்து காலுக்கு வாற நேரம் கண்ணை மூடுறாள். பந்து வந்தாக் கண்ணை மூடுற பிள்ளையே அவள்? அதோட எனக்கு விளங்கீட்டுது, வியாழக்கிழமை இவள் விளையாடப் போறதும் இல்லை, பேந்து நடக்கப் போறதும் இல்லை.

கொடியில கிடந்த அவளின்ர மஞ்சள் பட்ட மேஸை உருவிக்கொண்டு நேர நடந்தன். அண்டைக்குத்தான் நான் அந்தப் புல்லில கால் வைச்சது. எல்லாப் பிள்ளையளும் நிண்டுட்டுதுகள். பந்து தன்ர பாட்டில உருண்டு போகுது.

"அன்ரி, பிறக்டிஸ் நடக்குது" எண்டு நௌபர் வந்து மறிச்சது.

"பிறக்டிஸ் கிடக்கட்டும் தம்பி. இவருக்குச் சொல்லு, நான் விடிய பொய் சொன்னனான். றெபேக்காவின்ர கால் சரியில்லை. நான்தான் மடுவுக்கு நேத்தி வைக்கச் சொன்னனான். வெளிய அனுப்பிறதெண்டா என்னை அனுப்பச் சொல்லு."

நௌபர் மொழிபெயர்க்கத் தொடங்கி, நேத்தி எண்ட இடத்தில நிண்டுட்டுது. தலையைச் சொறியுது. கையால நடந்து காட்டுது, மேல காட்டுது, கும்பிட்டுக் காட்டுது. ரமோன் சேர் கையை உயத்தி, போதும் எண்டார். அவருக்கு விளங்கீட்டுது. அங்கயும் மாதா இருக்கிறா தானே.

றெபேக்கா நிண்ட இடத்தில நிக்கிறாள், என்னைப் பாக்கிறாள். அந்தப் பார்வையை நான் இப்பவும் மறக்கேல்ல. அவர் போய் அவளுக்கு முன்னால முழங்காலில இருந்தார். பெரிய வியாழனுக்குச் சுவாமியார் கால் கழுவ இருப்பாரே, அப்பிடி. தானே சப்பாத்துக் கயிறை அவிழ்த்து, மேஸைச் சுருட்டிச் சுருட்டிக் கழட்டினார். பாத்தார். கனநேரம் பாத்தார். பேந்து நௌபரிட்ட ஏதோ கேட்டார்.

"ஏன் முன்னுக்கே நடந்தாய் எண்டு கேக்கிறார்" எண்டுது நௌபர்.

அவள் எனக்குச் சொன்னதைத்தான் சொன்னாள், விக்கி விக்கி. மாதாவால மாட்டன் எண்டு சொல்லேலாதெண்டு. நௌபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அவருக்குச் சொல்லிச்சுது. அவர் சிரிக்கேல்ல. "பாப்பம்" எண்டார்.

அப்பிடியே அவளைத் தூக்கிக் காம்ப் வாகனத்தில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்கள். டொக்டர் தோலுக்குள்ள இருந்து மணலும் தாரும் எடுத்தவர். ஒரு பக்கம் சீழ் பிடிக்கத் தொடங்கீட்டுதாம். இதோட சப்பாத்துப் போட்டு ஒரு மச் ஓடியிருந்தா, மாசக் கணக்கில படுக்கைதான் எண்டு சொன்னவராம். ரெண்டு கிழமை வெறும் செருப்பு, பேந்து சரியாகும் எண்டவர். சரியாகும் எண்ட சொல்லைக் கேட்டபிறகுதான் நான் ஆஸ்பத்திரி வாங்கில இருந்தனான். அது வரைக்கும் நிண்டபடி நிண்டனான்.

பின்னேரம் ரமோன் சேர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். மேசையில அந்த மஞ்சள் பட்ட மேஸ். நான் என்ர சேலைத் தலைப்புக்குள்ள கொட்டில் பூட்டின்ர திறப்பை முடிஞ்சுகொண்டு போனனான், குடுத்திட்டு வீட்டுக்கு வாறதெண்டு. அவர் சொல்லச் சொல்ல நௌபர் சொல்லிச்சுது.

"சட்டம் சட்டம்தானாம். நோவை ஒளிச்ச பிள்ளை வெளிய."

றெபேக்கா தலையைக் குனிஞ்சாள்.

"ஆனா ஒளிக்கிற பிள்ளை மேஸை எறிஞ்சு போடுமாம், இல்லாட்டிப் படுக்கைக்குக் கீழ வைக்குமாம். இவள் ரெண்டு நாளும் கூடைக்குள்ள போட்டிருக்கிறாள். எங்கட காம்பில கூடைக்குள்ள போட்டா அது அன்ரிக்குச் சொன்ன மாதிரித்தானாம். அன்ரிக்குச் சொன்னாத் தனக்குச் சொன்ன மாதிரியாம். அதால இவள் ஒளிக்கேல்லயாம்."

பேந்து என்னைப் பாத்தார். நௌபர் தொண்டையைச் செருமிச்சுது. "நீங்கள் விடிய ஆறரைக்குச் சொல்ல வேண்டியதைப் பத்து மணிக்குச் சொன்னனீங்களாம். இனிமேல் பிந்தக்கூடாதாம். திறப்பை உள்ளுக்கு வையுங்கோ அன்ரி, அவர் கண்டிட்டார்."

நான் அழேல்ல. வெளிய வந்துதான் அழுதனான்.

வியாழக்கிழமை மச்சில அவள் செருப்போட ஓரத்தில இருந்தவள். இடம் பேசாலைப் பெடியன் ஒருத்தனுக்குப் போச்சு. நல்லா விளையாடினவன், குறை சொல்லேலாது. அவள் கை தட்டினவள். எனக்குத்தான் வயிறு எரிஞ்சது. ஆனா ரமோன் சேர் சும்மா இருக்கேல்ல. மச் முடிய அந்த வந்த ரெண்டு பேரையும், ஒரு பொம்பிளை, ஒரு ஆம்பிளை, நேர என்ர கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்த வரியம் கூட ஓடினது ஆர்?" எண்டு நௌபரை வைச்சு என்னைக் கேட்டார். அவருக்குத் தெரியாதே? எல்லாம் தெரியும். என்ர வாயால வரட்டும் எண்டுதான் கேட்டவர். "ராணி" எண்டு பன்னிரண்டைத் தூக்கிக் காட்டினனான். உப்பு, மேஸ், இடது பெருவிரல், எல்லாம் சொன்னனான். அந்தப் பொம்பிளை ஜேர்சியைக் கையில எடுத்து உள்ளுக்கும் வெளியவும் திருப்பிப் பாத்தா. கொப்பியில எழுதினா. கிளப் கீழ இறங்காட்டி அடுத்த வரியம் இந்தப் பிள்ளையை முதல் பாக்கிறம் எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

அதுக்குப் பிறகுதான் பிள்ள எனக்கு இந்தப் பந்தடி வருத்தம் பிடிச்சது. ஒரு வரியம் முழுக்க அந்தத் தலைமயிர் தடவுறவனுக்காகச் செபம் பண்ணினனான். அவனும் பாவம், கடைசியில ரெண்டு கோல் போட்டான். கிளப் தப்பிச்சுது. அந்த ஆவணி றெபேக்கா தோல் வளந்த காலோட விளையாடினாள், போனாள். தாய் எயார்போட் வரைக்கும் ஒரு பை கருவாடு கொண்டு போனா, அங்க கொண்டுபோக விடமாட்டம் எண்டு திருப்பி விட்டாங்கள். என்ர முழங்கால் ஏலாமல் போக நானும் வேலையை விட்டன்.

இந்த வரியம் திரும்பவும் அதே கூத்து. நேத்து வரைக்கும் கிளப் அடியிலதான். இறங்கினா வெளிநாட்டுப் பிள்ளையளை முதல் திருப்பி அனுப்புவினம் எண்டு றெபேக்கா சொன்னவள். இப்ப அவள் அங்கயே நிப்பாள். படிப்பும் முடிப்பாள். விடிய போனில படம் வாறமாதிரித்தான் எடுத்தவள். தானும் நேத்துப் பின்னேரம் சின்ன ரீமில விளையாடினவளாம். கதைச்சுக்கொண்டிருந்தவள் திடீரெண்டு முதுகைக் காட்டித் திரும்பினாள். "பாருங்கோ அன்ரி, தோய்க்காமல் வைச்சிருக்கிறன்." ஒரேஞ்சு ஜேர்சி முதுகு முழுக்க வெள்ளைக் கோடு. நான் எண்ணினனான், அஞ்சு.

நானும் ஒரு நேத்தி வைச்சிருந்தனான் சுகந்தி. அவள் அங்க நிண்டாளெண்டா ஆடித் திருநாளுக்கு மடுவுக்கு நடக்கிறதெண்டு. பிறகு நடக்கிற நேத்திதான், நான் மாதாவை மடக்கேல்ல. அதை அவளிட்டச் சொன்னன். உடன ஏசினாள்.

"செருப்புப் போட்டு நடவுங்கோ அன்ரி. வெறுங்காலோட நடந்தா ரமோன் சேரிட்டச் சொல்லிப்போடுவன்."

"பாப்பம்" எண்டனான்.

நீ வாறியே என்னோட? உன்ர மாமியிட்டக் கேட்டுப்... எங்க பிள்ள, அங்க கொடிப் பக்கம் என்ன சத்தம்? அவள் முந்தி எனக்கு அனுப்பின ஜேர்சியை இப்பத்தானே தோய்ச்சு நிழலில போட்டனான். கழுதை, கழுதை. நீ அந்தத் தும்புத்தடியை எடு, நான் இந்தப் பக்கத்தால போறன். நங்கூரத்தை விடு சனியனே, விடு.